நோயிலும் தளராத நம்பிக்கை: ஹட்சன் டெய்லர்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் 1832-ஆம் ஆண்டு பிறந்த ஹட்சன் டெய்லர், தம் 21-ஆம் வயதில் நற்செய்திப் பணிக்காகச் சீனாவுக்குக் கப்பலேறினார். நிங்போ நகரில் ஓயாது உழைத்து உடல் நலிந்து, 1860-இல் தாயகம் திரும்பினார். மீண்டும் விரைவில் செல்வதற்கு மருத்துவர் இசையவில்லை.

இலண்டனின் ஏழை மக்கள் வாழும் கிழக்குப் பகுதியில் தங்கிய அவரது அறைச் சுவரில் சீன நாட்டு வரைபடம் தொங்கியது. கைகட்டிக் காத்திருப்பதை அவர் நம்பிக்கை என்று கருதவில்லை. விட்டுப்போன மருத்துவப் படிப்பை 1862-இல் முடித்தார். நிங்போவிலிருந்து உடன்வந்த வாங் லாய்ஜுன் முதலியோருடன் அவ்வூர்ப் பேச்சுமொழிப் புதிய ஏற்பாட்டைத் திருத்தினார். கடினமான சீன எழுத்துக்களைக் கல்லாத எளியோரும் வாசிக்கும்படி அது ரோமன் எழுத்தில் அமைந்தது.

1865 ஜூன் 25 அன்று பிரைட்டன் கடற்கரையில், சீனாவின் 11 மாகாணங்களுக்கும் மங்கோலியாவுக்குமாக 24 ஊழியரைத் தந்தருளுமாறு இறைவனை வேண்டினார். மறு ஆண்டு மே 26-இல் துணை ஊழியருடன் மீண்டும் கப்பலேறினார். 1905-இல் சீனாவின் சாங்ஷா நகரில் கண்மூடினார்.

இளைஞர்களே! பிணியாலோ வறுமையாலோ கல்வி தடைப்பட்டு வீடு திரும்பியோர் நம்மிலும் உளர். விட்ட ஏட்டை மீண்டும் எடுப்பீர். அதுவே நம்பிக்கையின் முதற்செயல்.