பேச்சின் உறைவிடம்

பிரான்சு நாட்டின் தென்மேற்கிலுள்ள சான்ட் ஃபுவா லா கிராந்த் என்னும் சிற்றூரில் 1824ஆம் ஆண்டு பால் புரோக்கா பிறந்தார். மருத்துவரின் மகனாகிய அவர் பாரிஸ் சென்று மருத்துவம் பயின்று, அறுவை மருத்துவராகவும் உடற்கூற்றியல் அறிஞராகவும் பெயர் பெற்றார். 1859ஆம் ஆண்டு அந்நகரில் மானிடவியல் கழகத்தைத் தோற்றுவித்தார்.

அக்காலத்தில் மூளை பற்றி அறிஞரிடையே பெரும் வழக்கொன்று நடந்துவந்தது. மூளை பிரிவின்றி ஒன்றாய் நின்றே செயலாற்றுகிறது என்றனர் ஒருசாரார். ஒவ்வோர் ஆற்றலுக்கும் தனியிடம் உண்டு என்றனர் மறுசாரார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணங்கூறும் கொள்கை நகைப்புக்கிடமாகிவிட்டமையால், மறுசாராரின் கூற்றும் மதிப்பிழந்திருந்தது. எனினும், பேச்சாற்றல் மூளையின் முன்மடலைச் சார்ந்தது என்று பூயோ என்னும் மருத்துவர் 1825 முதல் வலியுறுத்திவந்தார். அவருடைய மருமகன் ஓபுர்த்தன் 1861இல் கழகக் கூட்டத்தில் ஓர் அறைகூவல் விடுத்தார். பேச்சிழந்த ஒருவரின் முன்மடல் பழுதின்றி இருக்கக் கண்டால் தம் கொள்கையையே கைவிடுவதாக அவர் உறுதிகூறினார்.

சில நாள்களிலேயே, பிசேத்ர் மருத்துவமனையில் புரோக்காவின் பிரிவுக்கு லெபோர்ன் என்னும் நோயாளி கொண்டுவரப்பட்டார். அவருடைய வலக்கால் அழுகியிருந்தது. அங்கிருந்தோர் அவரை 'டான்' என்றே அழைத்தனர். எதைக் கேட்பினும் அவர் வாயினின்று பிறந்தது அவ்வோரசையே. ஆயினும் பிறர் பேச்சை அவர் நன்கு உணர்ந்தார். மருத்துவமனையில் எத்தனை ஆண்டுகள் கழித்தீர் என வினவியபோது, ஒரு கையை நான்கு முறை விரித்துப் பின் ஒரு விரலைக் காட்டினார். இருபத்தோர் ஆண்டுகள், கணக்கில் பிழையில்லை. தம் குறிப்பைப் பிறர் உணராதபோது சினங்கொண்டார். எண்ணம் இருந்தது, சினம் இருந்தது, நாவும் அசைந்தது. சொல் மட்டும் வரவில்லை. ஓபுர்த்தனையும் அழைத்து அவரைக் காணச் செய்தார் புரோக்கா.

ஏப்ரல் 17ஆம் நாள் லெபோர்ன் இறந்தார். மறுநாளே அவர்தம் மூளை கழகத்தின் முன் வைக்கப்பட்டது. இடப்பக்க முன்மடலில் கோழிமுட்டை அடங்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

ஒரு சான்றைக் கொண்டு புரோக்கா முடிவுகட்டவில்லை. அவ்வாண்டிலேயே, ஐந்து சொற்களன்றி வேறு பேசவியலாத 84 வயது முதியவரின் மூளையிலும் அதே பகுதி சிதைந்திருக்கக் கண்டார். 1863க்குள் எட்டு நோயாளிகள். எட்டுப் பேருக்கும் பழுது இடப்பக்கத்திலேயே. வடிவில் ஒத்த இரு பாதிகளுள் ஒன்று மட்டும் பேச்சை ஆளுமோ என அவரே வியந்து தயங்கினார்; 1865இல்தான் அதனைத் துணிந்து கூறினார். மார்க் டாக்ஸ் என்னும் ஊர்ப்புற மருத்துவர் 1836இலேயே இதனை எழுதிவைத்திருந்தார் என அவர் மகன் உரிமை கோரியதும் அக்காலத்தில்தான். 1874இல் ஜெர்மானியரான வெர்னிக்கே, பொருளுணர்வு குன்றிய பேச்சுக்குக் காரணமான மற்றோர் இடத்தை மூளையின் பின்புறமாகக் கண்டறிந்தார்.

மண்டையோடுகளை அளந்து, மூளையின் பருமனால் இனங்களையும் பாலினத்தையும் தரம்பிரிக்க முனைந்தவரும் இதே புரோக்காதான். நோயாளிகளிடம் காட்டிய தயக்கத்தை அவர் அங்கே காட்டவில்லை. அம்முடிவுகள் பிற்கால ஆய்வில் நிலைபெறவில்லை.

1880இல் பிரான்சின் மேலவை உறுப்பினரான அவர், அவ்வாண்டிலேயே 56ஆம் அகவையில் மறைந்தார். லெபோர்னின் மூளையைத் துண்டு துண்டாக நறுக்கிப் பாராமல் முழுமையாகவே அவர் காத்துவைத்திருந்தார். அதனால் 2007இல் வெளியான ஆய்வொன்றில், காந்த அலைவரிக் கருவியால் அம்மூளையின் உட்புறத்தையும் காண முடிந்தது. புரோக்கா புறத்தே கண்ட குழியைக் கடந்து, மூளைப் பகுதிகளை இணைக்கும் ஆழ்ந்த நரம்பிழைகள் வரை பழுது பரவியிருந்தது.