கல்லூரி காணாதவர் கட்டிய கல்லூரி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

அம்பாசடர் காரைப் பார்த்திராதவர் நம்மில் உண்டா? அதன் மூல வடிவம் இங்கிலாந்தின் ‘மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு’ கார். மாரிஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். வில்லியம் மாரிஸ், பின்னாளில் நஃபீல்டு பிரபு.

1877 அக்டோபர் 10ஆம் நாள் உஸ்டர் நகரில் பிறந்தார். அறுவை மருத்துவராக வேண்டும் என்று கனவு கண்டார். தந்தையின் நோய் அந்தக் கனவைக் கலைத்தது. பதினைந்து வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கூலி உயர்வு கேட்டார், மறுத்துவிட்டார்கள். உடனே வெளியேறி, 1893இல் நான்கு பவுன் முதலோடு வீட்டிலேயே சொந்தத் தொழில் தொடங்கினார். உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் இருந்த ஊரிலேயே அவர் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். இந்த இடத்தைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது.

1904இல் கூட்டு வியாபாரம் நொடித்தது. கருவிகளும் 50 பவுன் கடனும்தான் மிச்சம். ஆனாலும் 1913இல் தம் முதல் காரை வெளியிட்டார். 1921இல் வியாபாரம் மந்தமானபோது மற்றவர்கள் கையைப் பிசைந்தார்கள்; இவரோ ஒரு காரின் விலையில் 100 பவுனைக் குறைத்தார். 1925இல் ஆண்டு உற்பத்தி 50,000 கார்களைத் தாண்டியது.

காரைப் பேசுவோர் இவருடைய லாரியை மறந்துவிடுகிறார்கள். அந்நாளில் ஒரு டன் லாரி என்றால் மான்செஸ்டரில் தயாரான ஃபோர்டு லாரிதான். அதற்குப் போட்டியாக 1924இல் ‘மாரிஸ் கமர்ஷியல்’ நிறுவனத்தைத் தொடங்கினார். பர்மிங்ஹாமில் கியர்பெட்டியும் அச்சும் செய்துவந்த ரிக்லி தொழிற்சாலை நொடித்துக் கிடந்தது. அதை வாங்கினார். ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் தயாராகி வந்த கார் என்ஜினையே லாரிக்கும் பொருத்தினார். புதிய என்ஜின் வரைவதற்கான செலவு மிச்சம். கார் என்ஜின் ஒரு டன் சுமையை இழுக்குமா? கியர் விகிதத்தைத் தாழ்த்தினால் வேகம் குறையும், சக்கரத்தில் திருப்புவிசை கூடும். நம் பாடநூலில் உள்ள விதிதான்! பின்னர் பெரிய லாரிகளும் வந்தன. இரண்டாம் உலகப் போரில் இந்த நிறுவனத்தின் ‘குவாட்’ வண்டிகள் பீரங்கிகளை இழுத்தன.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. 1930களின் தொடக்கத்தில், பின்னர் பாசிசத் தலைவரான மோஸ்லியின் கட்சிக்கு 50,000 பவுன் கொடுத்தார். தொழிற்சங்கம் என்றாலே அவருக்கு ஆகாது. இவற்றை மறைத்து அவரை வள்ளல் என்று மட்டும் எழுதுவது முறையன்று.

ஆனால் கொடை பெரிதுதான். 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவக் கல்விக்கு 20 லட்சம் பவுன் அளித்தார். மயக்க மருந்தியலுக்கும் ஒரு பேராசிரியர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அது தனித்துறையா என்று பல்கலைக்கழகம் தயங்கியது, இறுதியில் இணங்கியது. 1938இல், இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுவிட முடியாதவர்களுக்காக, ஒட்டுப்பலகையில் செய்த ‘இரும்பு நுரையீரல்’ கருவிகளைத் தம் கார் தொழிற்சாலையிலேயே தயாரித்து, கேட்ட மருத்துவமனைகளுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார். சுமார் 1,700 கருவிகள்!

1937இல் ஒரு கல்லூரிக்கு நிலமும் பணமும் தந்தார். அவர் விரும்பியது பொறியியல். பல்கலைக்கழகம் அமைத்ததோ சமூக அறிவியல். நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. 1963 ஆகஸ்ட் 22ஆம் நாள் மறைந்தார். பிள்ளைகள் இல்லாததால் பிரபுப் பட்டம் அவரோடு முடிந்தது. வீடும் எஞ்சிய சொத்தும் அந்தக் கல்லூரிக்கே போயின.