எஃப். எம். அலெக்சாண்டர்: உடல் தோரணையைக் கைகளால் கற்பித்தவர்

பிரெடெரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் 1869 ஜனவரி 20 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்தார். இளமையில் மூச்சுத் தொல்லையால் அவதிப்பட்டார். பின்னர், மேடைகளில் நாடகப் பகுதிகளையும் கவிதைகளையும் ஒப்புவிக்கும் கலைஞரானார். ஆனால், நிகழ்ச்சியின்போது அவருக்குக் குரல் கம்மத் தொடங்கியது. மருத்துவர் கூறியவாறு பேசாமல் ஓய்வெடுத்தபோது குணமானது. மேடையேறியதும் தொல்லை திரும்பியது. அவரது வாழ்வாதாரமே கேள்விக்குறியானது.

கண்ணாடி காட்டிய உண்மை

பேசும்போது தாம் செய்யும் ஏதோ ஒன்றே இதற்குக் காரணம் என்று கருதிய அவர், கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். வாய் திறந்தவுடன் தலை பின்னோக்கி இழுபடுவதையும், குரல்வளை அழுத்தப்படுவதையும், மூச்சு ஒலியுடன் உறிஞ்சப்படுவதையும் கண்டார். தலையை முன்னே கொண்டுவந்துவிட்டதாக அவர் உணர்ந்த வேளையிலும் அது பின்னே இழுபட்டே இருந்ததைக் கூடுதலாக வைத்த கண்ணாடிகள் காட்டின. நெடுநாள் பழக்கம் தவறான தோரணையையே சரியானதாக உணரச் செய்யும் என்பதை அவர் அறிந்தார்.

கைகளே ஆசான்

குரலை மீட்டபின் பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கிய அவர், 1904இல் இலண்டனுக்குச் சென்றார். மாணவர் நாற்காலியில் அமரும்போதும் எழும்போதும் கழுத்திலும் முதுகிலும் மென்மையாகக் கை வைத்து, தேவையற்ற இறுக்கத்தை உணரச் செய்தார். இது தசைகளைப் பிசைவதோ எலும்பை நெட்டி முறிப்பதோ அன்று. பெர்னார்ட் ஷா, ஆல்டஸ் ஹக்ஸ்லி, ஜான் டூயி ஆகியோர் அவரிடம் பயின்றனர். 1931இல் ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். 1947இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்ட பின்னரும் கற்பித்தலைத் தொடர்ந்த அவர், 1955 அக்டோபர் 10 அன்று மறைந்தார்.

மருத்துவச் சான்று

அலெக்சாண்டர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். அவரது முறையைப் போலி மருத்துவம் எனச் சாடியவர்களும் இருந்தனர். அது பற்றித் தென்னாப்பிரிக்காவில் அவர் தொடுத்த அவதூறு வழக்கில் 1948இல் வென்றார். ஆயினும், நீதிமன்றத் தீர்ப்பு மருத்துவச் சான்றாகாது. 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், நாட்பட்ட முதுகுவலியுடைய 579 பேர் பங்கேற்றனர். ஓராண்டுக்குப் பின், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருக்கு நான்கு வாரங்களில் பொதுவாக 21 நாட்கள் வலி இருந்தது. 24 பாடங்கள் பயின்றோருக்கு அது 3 நாட்களாகக் குறைந்திருந்தது.

நாம் அறிய வேண்டியவை

- தட்டச்சு, தையல் போன்ற ஒரே அசைவுள்ள பணிகளில் இடையிடையே எழுந்து நடக்கவும். கழுத்தும் தோளும் இறுகியுள்ளனவா என்று கவனிக்கவும்.
- வலி தொடர்ந்தால், மருத்துவரின் ஆலோசனை பெற்று, பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரை அணுகவும்.
- கை கால் மரத்தல், வலுவிழத்தல், சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சலுடன் முதுகுவலி ஆகியவை இருந்தால், தொடு சிகிச்சை எதையும் நாடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.