துப்பறியும் கதை எழுதிய டைரக்டர்

சத்யஜித் ராய் சினிமா டைரக்டர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுவர் கதைகளும் எழுதியிருக்கிறார் தெரியுமா?

1921 மே 2-ல் கல்கத்தாவில் பிறந்தார். தாத்தா உபேந்திரகிஷோர் 1913-ல் தொடங்கிய சிறுவர் பத்திரிகை 'சந்தேஷ்' (வங்காளத்தில் அது ஒரு ஸ்வீட்டோட பேரும்கூட!). பிறகு அப்பா சுகுமார் ராய் நடத்தினார். ராய்க்கு இரண்டு வயசு தாண்டினப்பவே அப்பா இறந்துட்டார். பத்திரிகையும் பின்னால் நின்னுபோச்சு.

'பதேர் பாஞ்சாலி' எடுத்துப் பெரிய பேர் வாங்கியும் ராய் அதை மறக்கலை. 1961-ல் நண்பரோடு சேர்ந்து மறுபடி கொண்டுவந்தார். பத்திரிகைன்னா கதை வேணுமே! தானே எழுதினார், படமும் தானே வரைந்தார். விஞ்ஞானி ஷோங்கு அப்படித்தான் பிறந்தார். 1965-ல் துப்பறியும் ஃபெலுடா வந்தார். கூடவே போகும் தம்பி தோப்ஷேதான் கதை சொல்கிறான். முதல் கதையில் அவனுக்குக் கிட்டத்தட்ட நம்ம வயசுதான்!

1992 ஏப்ரல் 23-ல் ராய் இறந்தார். சில ஃபெலுடா கதைகள் பாதியிலேயே நிற்கின்றன.