நம் ஊரில் ஒளிர்ந்த தமிழ் விஞ்ஞானி: டாக்டர் கே. வெங்கட்டராமன்

பாஷாண் பக்கம் செல்லுங்கால் தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தைக் காணாதார் நம்மில் சிலரே. அதன் இயக்குநராய் அமர்ந்த முதல் இந்தியர் ஒரு தமிழர் என்பதை நம் இளைஞருட் பலர் அறியார். ஆதலின் அன்னாரின் வரலாற்றைச் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

டாக்டர் கிருஷ்ணசாமி வெங்கட்டராமன் 1901-ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தார். மாநிலக் கல்லூரியிற் பயின்றபின் மான்செஸ்டர் சென்று, பேராசிரியர் இராபர்ட் இராபின்சனிடம் ஆராய்ச்சி கற்றார். தாயகம் மீண்டு லாகூர் ஃபார்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். மலர்களுக்கு மஞ்சள் நிறம் தரும் ஃபிளேவோன் இனப் பொருள்களை ஆய்வுச்சாலையில் ஆக்கும் வழியொன்றை அங்கே கண்டார். இங்கிலாந்தில் பேக்கர் என்பாரும் தனித்தே அதனைக் கண்டமையின், இன்றும் அஃது இருவர் பெயராலும் வழங்குகின்றது.

1934-இல் பம்பாய்ப் பல்கலைக்கழக இரசாயனத் தொழில்நுட்பத் துறைக்கு வந்தவர், 1938-இல் அதன் முதல் இந்தியத் தலைவரானார். நெசவாலைகள் மலிந்த அந்நகரில் சாய இயலை வளர்த்தார். செயற்கைச் சாயங்களைப் பற்றி அவர் இயற்றிய நூலின் முதலிரு தொகுதிகள் 1952-இல் வெளிவந்தன. பின்னர் பிற அறிஞரும் துணைநிற்க, அது எட்டுத் தொகுதிகளாகப் பெருகிற்று.

1950-இல் பண்டித நேரு திறந்துவைத்த நம் ஊர் ஆய்வுக்கூடத்தை முதலில் மேனாட்டறிஞர் இருவர் நடத்தினர். 1957-இல் அப்பொறுப்பு வெங்கட்டராமனிடம் வந்தது. 1966 வரை வகித்தார். 1961-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1981-இல் மறைந்தார்.

லாகூர், பம்பாய், புனே என வேற்றுமொழி வழங்கும் ஊர்களிலேயே அவர் வாழ்வு மலர்ந்தது. பிழைப்பை நாடி இங்கு வந்த நாமும் நம் மக்களும் நெஞ்சில் இருத்தத் தக்கது இதுவே: கல்விக்கு அயலூர் இல்லை.