வட்டுக்கோட்டையில் போதகர்களைத் தேடிய டானியல் பூவர்

யாழ்ப்பாணக் கல்லூரியின் நூலகத்துக்கு அவருடைய பெயர்தான். அதனால் டானியல் பூவர் என்றதும் நமக்குப் புத்தக அலுமாரிகளும் ஆங்கிலக் கல்வியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர் பொதுக் கல்வி பரப்ப இங்கே கப்பலேறி வந்தவர் அல்ல. கிறிஸ்தவ சபைகளை ஏற்று நடத்தக்கூடிய தமிழ்ப் போதகர்களைப் பயிற்றுவிப்பதே அவர் தலையில் ஏற்றிக்கொண்ட வேலை. அந்த வேலையில் அவர் வென்றாரா என்று கேட்டால், நமது கல்வி வரலாறுகள் மெல்லப் பேச்சை மாற்றிவிடும். செமினறி உருவாக்கிய அறிஞர்களின் பட்டியலை எடுத்து நீட்டும். அந்தப் பட்டியல் பெரியதுதான். ஆனாலும் முதற் கேள்வி அப்படியே கிடக்கிறது.

பூவர் 1789ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் டான்வேர்ஸ் என்ற ஊரில் பிறந்தார். டாட்மத் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்று, அண்டோவர் இறையியல் செமினறியில் 1814இல் படிப்பை முடித்தார். இந்த அண்டோவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதுவரை நியூ இங்கிலாந்தில் ஒருவர் போதகராக விரும்பினால், கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு மூத்த போதகர் ஒருவரின் வீட்டில் தங்கி, அவருடைய புத்தகங்களைப் படித்து, அவருடைய பிரசங்கங்களைக் கேட்டுத் தொழில் பழகுவார். நமது குருகுலம் மாதிரித்தான். ஹாவாட் தாராளவாதிகளின் கைக்குப் போய்விட்டது என்று கவலைப்பட்ட பழமைவாதிகள் அண்டோவரை உருவாக்கினார்கள். பட்டதாரிகளுக்கு மூன்று ஆண்டுப் பாடத்திட்டம், தனித்தனிப் பேராசிரியர்கள், வேதாகம மொழிகள், இறையியல், பிரசங்கக் கலை. போதகர் வேலை அங்கேதான் வீட்டுப் பழக்கத்திலிருந்து நிறுவனப் பயிற்சியாக மாறியது. 1810இல் அமெரிக்க மிசன் சங்கம் தோன்றுவதற்குத் தூண்டுதலாக இருந்தவர்களும் அண்டோவர் மாணவர்கள்தான். பூவர் அந்த அச்சில் வார்க்கப்பட்டவர். பின்னாளில் வட்டுக்கோட்டையில் அவர் கட்ட முயன்றதன் அளவுகோலும் அங்கிருந்தே வந்தது.

1815 ஒக்டோபரில் புதுமனைவி சூசனுடன் நியூபரிபோட் துறைமுகத்தில் கப்பலேறி, 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கினார். அவருக்கு முன் 1813இல் இங்கு வந்திருந்த சாமுவேல் நியூவெல் என்ற மிசனரி யாழ்ப்பாணத்தைப் பரிந்துரைத்திருந்தார். ஆங்கிலேய அரசு பழைய காலத்துத் தேவாலயங்களைப் பயன்படுத்த அனுமதித்தது. தெல்லிப்பழையில் பூவரும் எட்வேட் வொறனும், வட்டுக்கோட்டையில் மெய்க்ஸும் றிச்சட்ஸும் குடியேறினார்கள். கூரை விழுந்த கட்டடங்கள் அவை. வொறன் 1818இலும், சூசன் 1821இலும், றிச்சட்ஸ் 1822இலும் இறந்துபோனார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் சுற்றி இருந்தவர்களில் இத்தனை பேரை இழந்த ஒருவர், தனக்குப் பின் யார் என்ற கேள்வியை வெறும் கொள்கையாக மட்டும் யோசித்திருக்க முடியாது.

தெல்லிப்பழையில் அவர் தொடங்கிய விடுதிப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதே பெரும்பாடு. வெள்ளாளக் குடும்பங்கள் பிள்ளையைப் படிக்க அனுப்பத் தயார், மிசன் வளவில் சமைத்த சோற்றை உண்ண அனுப்பத் தயாரில்லை. எனவே பக்கத்துச் சைவக் குடும்பத்தின் காணியில் சமையலுக்கு இடம் ஒழுங்கு செய்தார்கள். சாதியைக் கடந்த சபையைப் பற்றிப் பேச வந்தவர்கள், அதன் வருங்காலத் தலைவர்களைச் சாதியின் அடுக்களையில் உண்ணவைத்தே வளர்க்கத் தொடங்கினார்கள். வேறு வழி இருந்ததா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் யாரைத் தலைவராக்குவது என்ற தெரிவு அந்த அடுக்களையிலேயே பாதி முடிந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அமெரிக்காவில் ஒருவர் ஆண்டுதோறும் ஒரு தொகை தந்தால், இங்கே ஒரு மாணவனுக்கு அவர் விரும்பும் பெயர் சூட்டப்படும். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று நாம் வாசிக்கும் பெயர்களின் முன்பாதி அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ஊடகம் படித்த என் கண்ணுக்கு மிசன் பத்திரிகைகளில் வெளிவந்த அறிக்கைகளும் இதே பொருளாதாரத்தின் பகுதியாகவே தெரிகின்றன. நன்கொடையாளர் படிப்பதற்காக எழுதப்பட்டவை அவை. அவற்றில் வரும் மனமாற்றக் கதைகளை அந்தக் கணக்குடன்தான் படிக்க வேண்டும்.

1820இல் அரசாங்கம் திருப்பம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆளுநர் பார்ன்ஸின் நிர்வாகம் புதிய அமெரிக்க மிசனரிகள் எவரும் இலங்கைக்கு வரக்கூடாது என்றது. தடை 1830களின் தொடக்கம் வரை நீடித்தது. இருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சாக, புதியவர்கள் வர முடியாது. அப்படியானால் போதகர்கள் இந்த மண்ணிலேயே உருவாக வேண்டும். தமிழ், ஆங்கில இலக்கியங்களுக்கான கல்லூரி ஒன்றின் திட்டத்தை மிசன் 1823இல் அச்சிட்டு வெளியிட்டது. அரசாங்கம் கல்லூரி என்ற தகுதியைத் தரவில்லை. அதனால் அது செமினறி ஆயிற்று. பூவர் அதன் முதல் அதிபரானார். அடுத்த ஆண்டே உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளி தொடங்கியது. அதற்கான காரணங்களுள் ஒன்று, செமினறி மாணவர்களுக்குக் கிறிஸ்தவ மனைவியர் வேண்டும் என்பது. பயிற்சித் திட்டம் குடும்பம் வரைக்கும் போடப்பட்டிருந்தது.

பாடத்திட்டம்தான் பூவரின் உண்மையான முத்திரை. வேதாகமமும் கிறிஸ்தவ ஆதாரங்களும் மட்டுமல்ல, தமிழ் இலக்கணம், சமஸ்கிருதம், ஆங்கிலம், யூக்ளிட், வானியல், இயற்கைத் தத்துவம் எல்லாம் இருந்தன. தமிழ்ப் பண்டிதரின் முன் தலைகுனியாமல் நிற்கக்கூடியவனே யாழ்ப்பாணத்தில் போதகனாக முடியும் என்று அவர் கணக்கிட்டார். அவரே தமிழைத் தேர்ச்சியாகக் கற்று, ஏடுகளை வாசித்து, ஊர்ப் பண்டிதர்களுடன் தர்க்கித்தவர். 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணக் கதை இன்றும் சொல்லப்படுகிறது. விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு நேரத்தைச் சொன்னது. செமினறியின் கணக்கு வேறொன்றைச் சொன்னது. வட்டுக்கோட்டையில் கூட்டம் கூடிப் பார்த்தது. பூவரின் கணக்கே சரியாயிற்று.

வருங்காலப் போதகனுக்குக் கிரகணக் கணக்கு எதற்கு? பூவரிடம் பதில் இருந்தது. புராணங்கள் சொல்லும் அண்டத்தின் படம் உடைந்தால், அவற்றின் மீதான நம்பிக்கையும் ஆடும், அந்த இடத்தில் சுவிசேஷம் நுழையும். ஆனால் மாணவன் அதிலிருந்து வேறொன்றையும் கற்றுக்கொண்டான். முக்கோண கணிதம் தெரிந்தவனுக்கு நில அளவைத் திணைக்களத்தில் வேலை இருக்கிறது. கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பிறகு, 1830களில் அரசாங்கம் ஆங்கிலம் தெரிந்த உள்ளூர் எழுதுவினைஞர்களைத் தேடத் தொடங்கியது. கோப்பித் தோட்டங்கள் விரிந்தன. மிசன் இலவசமாகக் கொடுத்த பயிற்சியை அரசாங்கம் சம்பளம் கொடுத்து வாங்கிக்கொண்டது.

பூவர் 1835 வரை வட்டுக்கோட்டையில் அதிபராக இருந்தார். அவருக்குப் பின் ஹொய்சிங்டன் பொறுப்பேற்றார். இந்துக் கணிதமுறை வானியலைப் பற்றி நூலே எழுதியவர் அவர். பூவர் மதுரைக்குப் போய்ச் சில ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளைத் திறந்தார். 1841இல் தெல்லிப்பழைக்குத் திரும்பினார். அதே ஆண்டில் செமினறியில் படித்த ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் ஆசிரியர்களாக இருந்து உதயதாரகை பத்திரிகையைத் தொடங்கினார்கள். பிரசங்கம், அச்சு, பாடசாலை என்ற மிசனின் மூன்று கருவிகளையும் எதிர்த்தரப்பு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியபோது, போதகர் பயிற்சி என்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது தெளிவாயிற்று.

1848இல் பூவர் அமெரிக்கா போனார். 33 ஆண்டுகளுக்குப் பிறகு தாயகம். கூட்டம் கூட்டமாக அவரைக் கேட்க வந்தார்கள். அங்கேயே ஓய்ந்திருக்கலாம். திரும்பி வந்து மானிப்பாயில் வேலை செய்தார். 1855 பெப்ரவரியில் வாந்திபேதி அவரைக் கொண்டுபோனது.

அவர் இறந்த சில மாதங்களுக்குள் பொஸ்ரனிலிருந்து சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையில் ஒரு தூதுக்குழு யாழ்ப்பாணம் வந்தது. செமினறியைப் பார்த்தது. மாணவர்களில் சபை அங்கத்தவர்கள் கொஞ்சப்பேர். படித்து வெளியேறியவர்களில் மிசன் வேலையில் இருந்தவர்களைவிட அரசாங்க வேலையில் இருந்தவர்கள் அதிகம். ஆங்கிலமே காரணம் என்று அண்டர்சன் தீர்ப்பளித்தார். போதகருக்கு வேண்டியது தமிழும் வேதாகமமும். தன் மக்களின் மொழியில், தன் மக்களின் வருமானத்துக்குள் வாழ்கிறவனே சபையைத் தாங்குவான். 1855இல் செமினறி மூடப்பட்டது.

நம்மவர்கள் அண்டர்சனை வில்லனாகத்தான் எழுதுவார்கள். தமிழின் உயர்கல்விக்குக் கிடைத்த வாய்ப்பைத் தட்டிப் பறித்தவர் என்பார்கள். அதில் உண்மை உண்டு. செமினறி மாணவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும், கறோல் விசுவநாதபிள்ளையும் இரண்டே ஆண்டுகளில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். இருவரும் பின்னர் சைவத்துக்கே திரும்பியவர்கள். தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் பதிப்பித்தார். இதைப் பூவரின் வெற்றி என்று நாம் கொண்டாடுகிறோம். பூவர் தன் கணக்கேட்டில் இதை எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பார்?

ஆனால் அண்டர்சன் இன்னொன்றையும் கண்டார். அதை நாம் அதிகம் பேசுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயிற்சி நடந்தும், குருப்பட்டம் பெற்றுத் தன் சொந்தச் சபையைப் பொறுப்பேற்ற தமிழர் மிக அரிது. நியூ இங்கிலாந்தில் பூவரின் சொந்த மரபில் ஒரு சபை தன் போதகரைத் தானே தெரிவுசெய்து அழைத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் அந்த மரபு கப்பலிலிருந்து இறங்கவேயில்லை. மிசனரியே போதகர், மிசனரியே முதலாளி. யூக்ளிட்டும் சமஸ்கிருதமும் வேத வியாக்கியானமும் கற்றவர், உபதேசியாராகவோ பாடசாலை ஆசிரியராகவோ உதவியாளர் என்ற பெயரில் நின்றார். சம்பளம் கச்சேரி எழுதுவினைஞரின் சம்பளத்துக்கு எட்டாது. மிசனரியின் செலவுப்பணத்துடன் ஒப்பிடவே முடியாது.

எனவே ஆங்கிலம்தான் அவர்களைக் கொண்டுபோனது என்ற தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. தலைமைக்கென்று பயிற்றுவித்துவிட்டுத் தலைமையைக் கொடுக்காமல் வைத்திருந்தால், படித்தவன் எந்த மொழியில் படித்திருந்தாலும் வேறு கதவைத்தான் தேடுவான். பாடத்திட்டத்தை விரிவாக்கியது பூவரின் பெருமை. அந்தப் படிப்புக்கு ஏற்ற பதவியை உருவாக்காமல் போனது அவருடைய தலைமுறை முழுவதன் தவறு, அவரையும் சேர்த்துத்தான். அண்டர்சன் நோயின் பாதியைச் சரியாகக் கண்டுபிடித்து, மருந்தைத் தவறான உறுப்பில் பூசினார். கிராமச் சபைகளுக்குத் தமிழர்களைப் போதகர்களாக்க வேண்டும் என்று வற்புறுத்தியது சரி. அதற்காக அவர்களின் படிப்பைக் குறைக்க வேண்டும் என்பது ஒரு வெள்ளையரின் வசதியான முடிவு. அண்டோவரில் தான் படித்ததில் ஒரு பாடத்தையாவது அவர் தமக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா?

சில ஆண்டுகள் கழித்து அதே வளவில் தமிழ்வழி இறையியல் பயிற்சிப் பள்ளி ஒன்று சிறிய அளவில் தொடங்கியது. அது போதாது என்று முதலில் குரல் எழுப்பியவர்கள் செமினறியில் படித்த தமிழ்க் கிறிஸ்தவர்கள். பணம் சேர்த்தார்கள், மனுக் கொடுத்தார்கள். 1871இல் யாழ்ப்பாணக் கல்லூரி உருவாயிற்று. இந்தமுறை கேட்டவர்கள் ஊரவர்கள் என்பதால், பொஸ்ரனால் அதை எளிதில் தட்டிக்கழிக்க முடியவில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது யாழ்ப்பாணம் அதன் மறைமாவட்டங்களுள் ஒன்றாயிற்று. முதல் பேராயராகச் சபாபதி குலேந்திரன் பொறுப்பேற்றார். அமெரிக்கர்கள் வந்திறங்கி 131 ஆண்டுகள் கடந்திருந்தன. 1816இல் கூரையில்லாமல் கையளிக்கப்பட்ட வட்டுக்கோட்டைத் தேவாலயம்தான் அவருடைய பேராலயம்.