மருந்துச் சீட்டும் மனு நகலும்: மருத்துவர் ஹெக்டர் கார்சியாவின் வாழ்வு

சட்டக் கல்லூரியில் சமத்துவ உரிமையைப் படிக்கும் எவரும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் அளித்த தீர்ப்பைக் கடந்தே வருகிறோம். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், மே 3 அன்று, அதே நீதிமன்றம் ஹெர்னாண்டஸ் எதிர் டெக்சாஸ் வழக்கில் அளித்த தீர்ப்பை நம்மில் பலர் அறியோம். அத்தீர்ப்புக்குப் பின்னால் நின்ற இயக்கத்தைக் கட்டியவர் காசநோய்க்கும் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும் வைத்தியம் பார்த்த ஒரு மருத்துவர். ஹெக்டர் பெரேஸ் கார்சியா என்னும் அம்மனிதரின் வாழ்வை, மருத்துவம் பெறும் உரிமைக்காகப் போராடுவோர் கற்க வேண்டும் என்று கருதுகிறோம்.

மெக்சிகோவின் தமௌலிபாஸ் மாநிலத்தில் 1914 ஜனவரி 17 அன்று அவர் பிறந்தார். தந்தை, தாய் இருவரும் ஆசிரியர்கள். மெக்சிகோப் புரட்சியின் கொந்தளிப்பிலிருந்து தப்பி, 1917இல் அக்குடும்பம் எல்லை கடந்து டெக்சாஸின் மெர்சிடிஸ் நகருக்கு வந்தது. தந்தையின் படிப்புக்கு அங்கே மதிப்பில்லை. துணிக்கடை வைத்துப் பிழைத்தார். ஆயினும் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் அவர் தளரவில்லை. ஹெக்டர் உட்பட அவருடைய பிள்ளைகளில் ஆறு பேர் மருத்துவர்களானார்கள்.

1940இல் கால்வெஸ்டன் மருத்துவக் கல்லூரியில் ஹெக்டர் பட்டம் பெற்றார். ஆனால் மெக்சிகோ வம்சாவளியினரைப் பயிற்சி மருத்துவராக ஏற்க டெக்சாஸ் மருத்துவமனைகள் முன்வரவில்லை. தொலைவிலுள்ள நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவுக்குச் சென்று பயிற்சியை முடித்தார். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணியாற்றி, மேஜர் பதவியும் வெண்கல நட்சத்திரப் பதக்கமும் பெற்றுத் திரும்பினார்.

போர் முடிந்தபின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் மருத்துவமனை தொடங்கினார். பணம் இருந்தவர் கொடுத்தார். இல்லாதவருக்கும் சிகிச்சை கிடைத்தது. விரைவிலேயே அவருக்கு ஓர் உண்மை விளங்கியது. குணமாகிச் சென்ற குழந்தை அதே நோயுடன் மீண்டும் வந்தது. அக்குழந்தை வாழ்ந்த தெருவில் சாக்கடை வசதி இல்லை. நல்ல குடிநீர் இல்லை. 1948இல் அருகிலுள்ள மாத்திஸ் ஊரின் பண்ணைத் தொழிலாளர் முகாம்களை நேரில் பார்வையிட்டபோது, பருத்தி பறிக்க வந்த குடும்பங்கள் கழிப்பறைகூட இல்லாத இடங்களில் அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். நோயின் வேர் உடலில் மட்டும் இல்லை, ஊரின் அமைப்பில் இருக்கிறது என்பதை அவர் உணர்ந்தது அந்த ஆண்டுகளில்தான்.

முன்னாள் படைவீரர்களின் நிலையும் இதுவே. நாட்டுக்காகக் காயம்பட்ட மெக்சிகோ வம்சாவளி வீரர்களுக்குச் சட்டப்படி உரிய உதவித்தொகை தாமதமாயிற்று. மருத்துவமனைப் படுக்கைகள் கிடைக்கவில்லை. 1948 மார்ச் 26 அன்று கார்பஸ் கிறிஸ்டியின் ஒரு பள்ளியில் அவ்வீரர்களைக் கூட்டினார் கார்சியா. நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரம் பிறந்தது.

மறு ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. பிலிப்பைன்ஸ் போர்க்களத்தில் 1945இல் இறந்த ஃபீலிக்ஸ் லோங்கோரியா என்னும் வீரரின் உடல் எச்சங்கள் சொந்த ஊரான த்ரீ ரிவர்ஸுக்குக் கொண்டுவரப்பட இருந்தன. வெள்ளையர் விரும்பமாட்டார்கள் என்று காரணம் காட்டி, இறுதி வழிபாட்டுக்குத் தம் கூடத்தைத் தர அவ்வூரின் சவ அடக்க நிலைய உரிமையாளர் மறுத்தார். அவ்வூர்க் கல்லறையிலும் மெக்சிகோ வம்சாவளியினருக்குத் தனிப் பகுதிதான், இடையே முள்வேலி. இதை வாசிக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கார்சியா தந்திகளை அனுப்பினார், மக்களைத் திரட்டினார். செனட்டர் லிண்டன் ஜான்சன் தலையிட்டார். 1949 பிப்ரவரி 16 அன்று லோங்கோரியா ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முழுப் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

ஹெர்னாண்டஸ் வழக்கு ஜாக்சன் மாவட்டத்தில் தோன்றியது. மக்கள்தொகையில் சுமார் 14 விழுக்காட்டினர் மெக்சிகோ அல்லது லத்தீன் குடும்பப் பெயர் கொண்டோர். ஆனால் 25 ஆண்டுகளில் அவர்களில் ஒருவர்கூட ஜூரியாக அமர்த்தப்படவில்லை. மெக்சிகோ வம்சாவளியினரும் வெள்ளையரே, ஆகவே பாகுபாடு இல்லை என்று வாதிட்டது மாநில அரசு. அந்த நீதிமன்றக் கட்டடத்திலேயே ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. கறுப்பினத்தவருக்கானதில் ஸ்பானிய மொழியிலும் வழிகாட்டும் பலகை தொங்கியது. கஸ் கார்சியா, கார்லோஸ் கடேனா ஆகிய வழக்கறிஞர்கள் வாதாட, ஃபோரமும் தோழமை அமைப்புகளும் நிதி திரட்டின. கறுப்பர், வெள்ளையர் என்ற இரு பிரிவுகளுக்கு அப்பாலும் ஒரு சமூகம் ஒதுக்கப்படலாம், அதற்கும் சமத்துவப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தக் கழிப்பறைப் பலகையும் தீர்ப்பில் சான்றாக இடம்பெற்றது.

பின்னாளில் பெருமைகள் வந்தன. 1967இல் ஐக்கிய நாடுகள் அவையில் அமெரிக்கப் பிரதிநிதியாக ஸ்பானிய மொழியில் உரையாற்றினார். 1968இல் அமெரிக்கக் குடியுரிமைகள் ஆணையத்தின் உறுப்பினரானார். 1984இல் சுதந்திரப் பதக்கம் பெற்றார். 1996 ஜூலை 26 அன்று கார்பஸ் கிறிஸ்டியிலேயே காலமானார்.

அவரைப் போற்றும் நாம் அவருடைய பிழையையும் மறைக்கலாகாது. ஆவணமற்ற தொழிலாளரைக் கொண்டு பண்ணை முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, ஃபோரம் முதலாளிகளோடு சேர்த்து அத்தொழிலாளரையும் எதிரியாகக் கண்டது. 1953இல் அவர்களுக்கு எதிராக அறிக்கை நூல் வெளியிட்டது. 1954இன் பெருந்திரள் நாடுகடத்தலை ஆதரித்தது. படைவீரர் என்பதையும் குடிமகன் என்பதையும் உரிமைக்கு அடிப்படையாக்கிய இயக்கம், அவ்விரண்டும் இல்லாதவரை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டது. சிறு குழந்தையாக எல்லை கடந்து வந்த ஒருவரின் வாழ்வில் இது கசப்பான முரண்.

அந்த வேலி இன்றும் நிற்கிறது. 2010இன் நலவாழ்வுச் சட்டம், ஆவணமற்ற குடியேறிகள் அரசின் காப்பீட்டுச் சந்தையில் தம் சொந்தப் பணத்தில்கூடக் காப்பீடு வாங்க இடமளிக்கவில்லை. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டை அச்சட்டப்படி விரிவாக்க டெக்சாஸ் மறுத்துவிட்டது. 1986இன் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரைக் குடியுரிமை கேளாமல் மருத்துவமனை காப்பாற்ற வேண்டும். ஆனால் உயிர் ஊசலாடும் கட்டத்தோடு அக்கடமை நின்றுவிடுகிறது. ஆகவேதான், சிறுநீரகம் செயலிழந்த ஆவணமற்ற தொழிலாளர் பலர், வாரத்துக்கு மூன்று முறை பெற வேண்டிய டயாலிசிஸ் சிகிச்சைக்காக, மூச்சுத் திணறி உயிருக்கு ஆபத்தாகும்வரை காத்திருக்க நேர்ந்தது.

கார்சியாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய முறை: முகாமுக்கு நேரில் செல்வது, கண்டதைப் பதிவு செய்வது, பாதிக்கப்பட்டோரை அமைப்பாக்குவது, பிறகு நீதிமன்றம் செல்வது. விட்டுவிட வேண்டியது, உரிமைக்குத் தகுதியானவர், தகுதியற்றவர் என்று ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே அவர் கிழித்த கோடு. தம் மருத்துவமனையில் அவர் பணமில்லாதவரையும் திருப்பி அனுப்பவில்லை. அந்த மருத்துவரின் அறத்தைச் சட்டமாக்குவதே, அந்தத் தலைவர் முடிக்காமல் விட்டுச் சென்ற பணி.